அலைகாட்டியும் அலமாரியும்

மின்னலையின் வடிவத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்துங் கருவி ஆசிலாஸ்கோப் என்னும் அலைகாட்டியாம். 1897-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் பெர்டினாண்டு பிரௌன் கத்தோடுக் கதிர்க்குழாயை அமைத்த பின்னர், நெடுங்காலம் இக்கருவி தனக்கெனத் திரையுடையதாய் மேசைமேல் வீற்றிருந்தது. இந்நாளிலோ கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டி, யு.எஸ்.பி. கம்பி வழியே கணிப்பொறியோடு இணைந்து, அதன் திரையையே தன் திரையாகக் கொண்டு அவ்வேலையைச் செய்கின்றது. பொருள்வளங் குறைந்த கல்லூரிகளுக்கு இஃது ஒரு நற்பேறே எனலாம்.

ஆயினும் இதற்கொரு குறையுண்டு. நேற்றுவரை பணிசெய்த பெட்டியை இன்று கணிப்பொறி 'அறியேன்' என்று மறுத்துவிடும். உடனே நம்மவர் 'பழுதாயிற்று' எனத் தீர்ப்புக் கூறி, அதனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். விசாரணையின்றி வழங்கப்படும் இத்தீர்ப்பு தகாது என்பதே எம் கருத்து.

விசாரணை முறை யாதெனின், முதற்கண் கம்பியை ஐயுறுதல் வேண்டும். யு.எஸ்.பி. 2.0 கம்பியுள் நான்கு இழைகள் உள. இரண்டு மின்னாற்றலையும் இரண்டு செய்தியையும் கொண்டு செல்வன. கைப்பேசிக்கு மின்னேற்றுதற்கென்றே அமைந்த கம்பிகள் சிலவற்றில் செய்தி இழைகள் இரா. அவற்றைச் செருகினால் பெட்டியில் விளக்கெரியும். கணிப்பொறியோ ஒன்றும் அறியாது. அடுத்து, துளையை மாற்றுக. அத்தகைய துளை 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் வழங்குதற்கு அமைந்தது; பல கருவிகளை ஒரு கிளைப்பெட்டியிற் செருகினால் அந்த ஆற்றல் பங்கிடப்பட்டுக் குறையும். பின்னர் வேறொரு கணிப்பொறியில் இணைத்துக் காண்க. ஆங்குப் பணிசெய்யுமாயின் பெட்டியும் கம்பியும் குற்றமற்றன. குற்றம் முதற் கணிப்பொறியின் துளையிலோ மென்பொருளிலோ உளது.

இறுதியாக, 'டிவைஸ் மானேஜர்' என்னும் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு கம்பியைச் செருகுக. பட்டியல் சிறிதும் அசையாதாயின் கம்பி, துளை, பெட்டி இவற்றுள் ஒன்றை ஐயுறுக. 'தெரியாத யு.எஸ்.பி. கருவி' என்று தோன்றின், உரையாடல் தொடங்கி இடையில் அறுந்ததென்க. பெட்டியின் பெயர் மஞ்சட் குறியுடன் தோன்றுமாயின், டிரைவர் என்னும் இயக்கு நிரலையே நாடுதல் முறை. இவ்வாறு ஒவ்வொரு படியிலும் ஐயத்தின் எல்லை சுருங்கிவருதல் காண்க. இயற்பியல் நமக்குப் புகட்டும் முறையும் இஃதன்றோ?

இனி, கருவி மாறாதிருக்கவும் கணிப்பொறி அதனை மறப்பது எங்ஙனம்? ஒவ்வொரு யு.எஸ்.பி. கருவியும் ஆக்கியோனைக் குறிக்கும் எண், பொருளைக் குறிக்கும் எண் என இரண்டைச் சொல்லித் தன்னை அறிமுகஞ் செய்துகொள்ளும். இவ்வெண்களைக் கொண்டே கணிப்பொறி உரிய நிரலைத் தேர்கின்றது. 2014-ஆம் ஆண்டில் எப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் புதிய டிரைவர், விண்டோஸ் புதுப்பித்தலோடு வந்து, அந்நிறுவனச் சில்லுகளின் போலிகளுடைய பொருள் எண்ணைச் சுழியாக மாற்றிவிட்டது. போலி என்றறியாது வாங்கியோரின் கருவிகளும் ஒரே நாளில் அறிமுகமற்றனவாயின. பெருங் கண்டனம் எழவே அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. பெட்டியில் எவ்வுறுப்பும் எரிந்திலது. எண் ஒன்றே மாறிற்று. இதனை அறியாதார் நல்ல கருவியை எறிந்துவிடுவர். அறிந்தாரோ எண்ணை மீட்டுத் தருவர்.

இதனின்று நாம் பெறும் முடிவு இரண்டு. முதலாவது, கருவியைத் தொடலாகாதென்று மாணாக்கரை விலக்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும். கருவி கெடுமென்னும் ஆசிரியர்தம் அச்சம் பொருளற்றதன்று. பணம் அரிது, கணக்குத் தணிக்கையுங் கடிது. ஆயினும் கம்பியை மாற்றுவதாலும் பட்டியலைப் பார்ப்பதாலும் கெடுவது யாதுமில்லை. அலமாரியில் துயிலும் கருவியோ முழுதும் இழந்த பொருளே.

இரண்டாவது, உள்ளமைப்பு வெளிப்படையாக உள்ள கருவிகளையே கல்லூரிகள் விரும்பி வாங்குதல் நன்று. புது தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் தன் பீனிக்ஸ் திட்டத்தின் வழியே ஆக்கிய 'எக்ஸ்ப்ஐஸ்' இதற்குத் தக்க சான்று. அலைகாட்டியாகவும் பயன்படும் அச்சிறு பெட்டியின் மின்சுற்றும் மென்பொருளும் யாவர்க்கும் திறந்தவை. ஆக்கியோன் கைவிட்டாலும் கற்றார் கைவிடார். ஹான்டெக் 6022பிஇ என்னும் அலைகாட்டிக்கும் 'ஓபன்ஹான்டெக்' என்ற திறந்த மென்பொருளை ஆர்வலர் பேணிவருகின்றனர்.

2019-இல் தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியில் இவ்விரண்டும் இன்றியமையாதன. கல்வராயன் மலையில் வெள்ளிமலையினின்று மலைப்பாதையில் இறங்கிக் கற்கவரும் மாணாக்கன், தன் வீட்டில் அலைகாட்டியைக் காண்பானல்லன்; ஆய்வுச்சாலையில் உள்ள ஒன்றே அவனுக்குரியது. அது பூட்டப்படின், சைன் அலையை அவன் புத்தகப் படத்தில் மட்டுமே கண்டு பட்டம் பெறுவான். அதனைத் தானே ஆராய்ந்து உயிர்ப்பிப்பானாயின், அலையோடு அறிவின் முறையையுங் கற்றவனாவான். ஆகவே, ஆய்வுச்சாலையாளரே, அலமாரியின் திறவுகோலை எடுமின். மாணாக்கரே, வேறொரு கம்பியுடன் வம்மின்.