பாடினது சசிரேகா, புத்தகத்தில் ஜானகி

போன மாதம் எங்கள் காலேஜ் கலைவிழாவில் சினிமா வினாடி வினா. நானும் ரெண்டு கிளாஸ்மேட்களும் ஒரு டீம். கடைசி ரவுண்டு வரைக்கும் நாங்கள்தான் முன்னணி. கடைசிக் கேள்வி வந்தது. "அலைகள் ஓய்வதில்லை படத்துல 'விழியில் விழுந்து' பாட்டை இளையராஜாவோட சேர்ந்து பாடினது யாரு?"

கடியப்பட்டணத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? அடுத்த ஊர் முட்டத்தில் எடுத்த படம். எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் மைக்செட் கட்டினால் இந்தப் பாட்டைப் போடாமல் கழற்ற மாட்டார்கள். பஸ்ஸரை அமுக்கி, "பி.எஸ்.சசிரேகா" என்றேன்.

"தப்பு. எஸ்.ஜானகி."

சண்டை போட்டோம். குவிஸ் மாஸ்டர் கோபப்படவே இல்லை. மேஜையில் இருந்த ஒரு புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினார். "புக்குலயே போட்டிருக்கு தம்பி." அவ்வளவுதான், கூட்டம் கைதட்டியது. யாருக்கு? புத்தகத்துக்கு! பத்து பாயின்ட் போச்சு, முதல் பரிசு போச்சு. ஆளுக்கொரு சோப்பு டப்பாவோடு திரும்பி வந்தோம். (கிளாஸ் மக்களே, சிரித்தது போதும்.)

வயிற்றெரிச்சலில் அந்தப் புத்தகத்தை லைப்ரரியில் தேடி எடுத்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. இதே ரகத்தில் இன்னும் பத்து புத்தகம் இருக்கிறது, ஒருத்தரை மட்டும் அடித்தால் நியாயமில்லை. பழைய தமிழ்ப் படங்களின் பாட்டுகளைப் படம் படமாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம் "தேன் வந்து பாயுது" என்று எழுதுகிற புத்தகம். 'அலைகள் ஓய்வதில்லை'க்கும் (1981) நாலு பக்கம். அதில் 'புத்தம் புது காலை' பாட்டைப் பற்றி ஒரு முழுப் பத்தி. முட்டம் பாறைகளில் அதிகாலை வெளிச்சம் விழுகிறதாம், ராதா ஓடி வருகிறாராம், பி.கண்ணனின் கேமரா அந்தக் காலையை அப்படியே அள்ளி வைத்திருக்கிறதாம்.

ஒரே ஒரு சிக்கல். அந்தப் பாட்டு படத்திலேயே கிடையாது! இசைத்தட்டில் மட்டும்தான் வந்தது. அப்புறம் எத்தனையோ வருஷம் கழித்து 2014-ல் 'மேகா' படத்தில் திரும்பப் பதிவு செய்து பயன்படுத்தினார்கள். வராத காட்சியின் ஒளிப்பதிவைப் பாராட்டியிருக்கிறார் நம் ஆசிரியர். படத்தை ஒரு தடவை முழுசாகப் பார்த்திருந்தால் போதும். ரெண்டு மணி நேர வேலை.

வீட்டுக்குப் போனபோது பாட்டாவிடம் இதைச் சொன்னேன். முட்டத்தில் ஷூட்டிங் நடந்த நாட்களில் கடலுக்குப் போகாமல் அங்கே போய் நின்ற ஆள் அவர். "லேய் மக்கா, அச்சடிச்சவன் எவனாவது முட்டத்துக்கு வந்து ஒரு மனுசங்கிட்ட கேட்டானா?" என்றார். சரி, சாட்சி கிடைத்துவிட்டது என்று உட்கார்ந்து கதை கேட்டேன். சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் சத்யராஜ் பாறை மேல் நின்றதையும் சேர்த்துவிட்டார். "பாட்டா, அது கடலோரக் கவிதைகள். 86-ல வந்தது" என்றேன். "எல்லாம் ஒரே கடல்தானல, ஒரே பாரதிராஜாதான" என்று முடித்துவிட்டார்.

பாட்டா மேல் தப்பில்லை. அவர் புத்தகம் போடவில்லை. ஆனால் எனக்கு அன்றைக்கு ஒன்று புரிந்தது. நேரில் பார்த்தவர் சொன்னால்கூட, காகிதத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும். நம் புத்தகங்கள் பாதி இப்படிப்பட்ட ஞாபகத்தில் எழுதியது. மீதிப் பாதி அந்தப் புத்தகங்களைப் பார்த்து எழுதியது.

காகிதம் எங்கே கிடைக்கும்? ரொம்பத் தூரம் போகவில்லை. ரேடியோ செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டுகள் இருந்தன. தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் பாடினவர் பெயர் இருக்கிறது. 'காதல் ஓவியம்' இளையராஜா, ஜென்சி. 'ஆயிரம் தாமரை மொட்டுக்களே' எஸ்.பி.பாலசுப்ரமணியம், எஸ்.ஜானகி. 'விழியில் விழுந்து' இளையராஜா, பி.எஸ்.சசிரேகா. வேலை முடிந்தது. செலவு: ஒரு டீ.

"இதுக்குப் போய் இவ்வளவு கத்தணுமா? ஜானகியோ சசிரேகாவோ, பாட்டு நல்லாருக்குல்ல" என்று ஹாஸ்டலில் ஒருத்தன் கேட்டான். கத்தணும்டா. ஜானகியம்மா ஆயிரக்கணக்கில் பாடியவர். அவர் கணக்கில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. சசிரேகாவுக்கும் ஜென்சிக்கும் அப்படியா? ஜானகியம்மாவோடு ஒப்பிட்டால் அவர்கள் தமிழில் பாடினது குறைவு. அதில் நாலைந்து பாட்டுதான் ஜனங்கள் வாயில் நிற்கிறது. அதில் ஒன்றைப் பிடுங்கிப் பெரிய பெயருக்குக் கொடுப்பது எழுத்துப்பிழை இல்லை, திருட்டு. கவனித்துப் பாருங்கள், இந்தப் புத்தகங்களில் தப்பு எப்போதும் ஒரே திசையில்தான் போகும். சின்னப் பெயரிலிருந்து பெரிய பெயருக்கு. ஜானகி பாடினதை சசிரேகா பாடினதாக எழுதின புத்தகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்போது பெரிய பெயருக்கே வருகிறேன். நான் அக்மார்க் ராஜா ரசிகன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால்தான் எரிகிறது.

"ஆசியாவிலேயே முதன்முதலில் சிம்பொனி எழுதியவர் இளையராஜா." எத்தனை இடத்தில் படித்திருப்பீர்கள்? 1993-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவை வைத்து அவர் ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தார், அது இசைத்தட்டாக வெளிவரவில்லை. அந்த ஆர்கெஸ்ட்ராவுக்கு முழு சிம்பொனி எழுதிய முதல் ஆசியர் என்றுதான் அப்போது சொன்னார்கள். ஒரு புத்தகத்திலிருந்து அடுத்த புத்தகத்துக்குப் போகும்போது ஆர்கெஸ்ட்ராவின் பெயர் உதிர்ந்துவிட்டது. மிஞ்சினது "முதல் ஆசியர்" மட்டும். ஜப்பான்காரர் கோசாகு யமடா பெர்லினில் படித்துக்கொண்டிருந்தபோதே, 1912-ல், ஒரு சிம்பொனி எழுதி முடித்துவிட்டார். ராஜா பிறப்பதற்கு 31 வருஷம் முன்னாடி. நெட்டில் அஞ்சு நிமிஷம் தேடினால் கிடைக்கிற தகவல் இது.

அதோடு நின்றதா? 2005-ல் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு திருவாசகம் வந்தது. அது ஒரட்டோரியோ என்கிற வகை. குரலும் பாட்டு வரிகளும் நடுநாயகமாக இருக்கிற வடிவம், சிம்பொனி வேறு. ஆனால் எழுதினவர்கள் பலர் "முதல் சிம்பொனி" என்றே எழுதினார்கள். அப்புறம் 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் 'வேலியன்ட்' அரங்கேறியது. மறுபடியும் "முதல் சிம்பொனி"! ஒரே மனுஷருக்கு மூன்று முதல். இருபது வருஷம் கழித்து இவரைப் பற்றி ஆராய்ச்சி பண்ண வருகிற பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்?

அடுத்தது பிபிசி கதை. "உலகின் தலைசிறந்த பத்துப் பாடல்களில் ஒன்றாக 'ராக்கம்மா கையத் தட்டு'வை பிபிசி தேர்ந்தெடுத்தது." ஏதோ லண்டனில் பத்து பேராசிரியர்கள் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு முடிவு பண்ணின மாதிரி இருக்கும். நடந்தது என்ன? 2002-ல் பிபிசி உலக சேவையின் 70-வது ஆண்டுக்கு நேயர்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். முதலிடம் ஒரு அயர்லாந்து தேசபக்திப் பாட்டு. ரெண்டாவது வந்தே மாதரம். மூணாவது தில் தில் பாகிஸ்தான். நாலாவது நம்ம தளபதி (1991) பாட்டு. பத்தாவது இடத்தில் குயீன் குழுவின் போஹீமியன் ராப்சடி. இந்த வரிசையைப் பார்த்தாலே இது என்ன மாதிரி போட்டி என்று புரிந்துவிடும். இந்தியாவும் பாகிஸ்தானும் கிரிக்கெட் ஆடினதுபோல ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. :-)

இதில் நிஜமாகவே சொல்ல வேண்டிய செய்தி அஞ்சாவது இடத்தில் இருக்கிறது. 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது' என்கிற ஈழத்தமிழ்ப் பாட்டு, பாடியவர் திருமலை சந்திரன். உலகத்தில் சிதறிக் கிடக்கிற ஒரு ஜனக்கூட்டம் சேர்ந்து ஓட்டுப் போட்டு ஒரு பாட்டை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது. முதல் பத்தில் ரெண்டு தமிழ்ப் பாட்டு! நாலாவது இடத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதும் புத்தகங்கள் எதிலும் அஞ்சாவது இடத்தை நான் பார்க்கவில்லை. ஆசிரியர்கள் அந்தப் பட்டியலைக் கண்ணால் பார்க்கவே இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

"ராஜா எத்தனை படம், எத்தனை பாட்டு?" இதற்கும் புத்தகத்துக்குப் புத்தகம் ஒரு விடை. 'தாரை தப்பட்டை'யை (2016) ஆயிரமாவது படம் என்று விளம்பரம் பண்ணினார்கள். பட்டியலை வரிசையாக அச்சடித்து "எண்ணிப் பாருங்க" என்று கொடுத்த ஒரு புத்தகம் இருந்தால் சொல்லுங்கள், மெஸ் பணத்தைப் போட்டு வாங்குகிறேன்.

மற்ற ஊரில் எப்படி என்று பார்ப்போம். மார்க் லூயிசன் என்கிறவர் பீட்டில்ஸின் ரெக்கார்டிங் பற்றி 1988-ல் ஒரு புத்தகம் போட்டார். ஈஎம்ஐ கம்பெனியின் ஸ்டூடியோ காகிதங்களையும் டேப்புகளையும் வைத்து, எந்தத் தேதியில் எந்தப் பாட்டு, எத்தனை டேக் என்று நாள் நாளாக எழுதியிருக்கிறார். அதில் வர்ணனைக்கு இடமே இல்லை. ஆனால் படித்தால் அந்த அறைக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. "வெள்ளைக்காரன் காகிதத்தைச் சேர்த்து வைப்பான், நம்மகிட்ட அது இல்லியே" என்பீர்கள். அதுவும் முழு உண்மை இல்லை. கிரெகரி பூத் என்கிற ஆராய்ச்சியாளர் பம்பாய்க்கு வந்து, இந்திப் படங்களுக்கு வாசித்த வயலின்காரர், டிரம்பெட்காரர், அரேஞ்சர் என்று ஒவ்வொருவராகப் பேட்டி எடுத்து 2008-ல் ஒரு புத்தகம் போட்டார். காகிதம் இல்லாத இடத்தில் மனுஷர்களிடம் கேட்டார், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொன்னதோடு ஒத்துப் பார்த்தார். அந்த வயலின்காரர்களுக்கும் வயசாகிக்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம்மிடமும் ஆள் இருந்தார். பிலிம் நியூஸ் ஆனந்தன். ஸ்டில், நோட்டீஸ், படத் தகவல் என்று ஆயுள் முழுக்கச் சேர்த்து, 2004-ல் தமிழ்த் திரைப்பட வரலாற்றைத் தடிப் புத்தகமாகக் கொண்டுவந்தார். 2016-ல் இறந்துவிட்டார். அவருடைய பொறுமையில் பத்தில் ஒரு பங்கு போதும். அது இல்லாததால்தான் தமிழின் முதல் மௌனப்படமான கீசகவதம் வந்த வருஷத்தை ஒருத்தர் 1916 என்கிறார், இன்னொருத்தர் 1917, மூணாமவர் 1918. படச்சுருளே அழிந்துவிட்டது, அதை விடுங்கள். 1981-ம் வருஷத்துப் பாட்டுக்கு என்ன சாக்கு? பாடினவர் பெயர் இசைத்தட்டில் இருக்கிறது, தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம் இருக்கிறது, படமே இருக்கிறது.

அண்ணாச்சி கொடுத்த அந்த இசைத்தட்டில் ஒன்று இல்லை. கிடார் வாசித்தது யார், புல்லாங்குழல் யார், வயலின்கள் யார் யார்? ஒரு பெயரும் கிடையாது. அந்த ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர்கள் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், சிலர் இன்னும் சென்னையில் இருக்கிறார்கள். ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு நோட்டும் இருந்தால் போதும். பாறை மேல் விழாத வெளிச்சத்தை ஒரு பத்தி வர்ணித்தவர், அந்த நேரத்தில் ஒரு கிடார்காரர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம்.

ராஜாவைப் பெரியவராகக் காட்டத்தான் இப்படி எழுதுகிறோம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' என்று சினிமாவுக்கு வெளியே ஒரு இசைத்தட்டு போட்டு, அதை தியாகராஜருக்கும் பாக்குக்கும் ஒரே நேரத்தில் சமர்ப்பணம் பண்ணின மனுஷர் அவர். அதற்குமேல் யமடாவின் 1912-ஐயும் அழித்துவிட்டு அவருக்குக் கிரீடம் வைக்க வேண்டுமா?

பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். இசைத்தட்டின் போட்டோ ரெண்டு, பக்க எண்களோடு பதினோரு திருத்தம். அடுத்த பதிப்பில் மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குவிஸ் மாஸ்டருக்கும் ஒரு காப்பி கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆனா புக்குல..." என்று ஆரம்பித்தார்.

பி.கு: இதில் நான் எழுதினதில் தப்பு இருந்தால் ஆதாரத்தோடு சொல்லுங்கள். அழித்து எழுத மாட்டேன், பழசை அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானதையும் சொன்னவர் பெயரையும் போடுகிறேன். "எங்கயோ படிச்சேன்" என்று வருகிறவர்களுக்கு சோப்பு டப்பா.