கொட்டைமுத்துக்கு விலை சொல்ல ஆளில்லை

காரிஃப் பருவத்துக்கான குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியல் வந்துவிட்டது. மொத்தம் 14 பயிர்கள். பேயெள்ளுக்குக்கூட இடம் உண்டு. கொட்டைமுத்து என்கிற ஆமணக்குக்கு இந்த முறையும் இல்லை. 2024 அக்டோபரில் 10,103 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற எண்ணெய்வித்து இயக்கமும் கடுகு, நிலக்கடலை, சோயா, சூரியகாந்தி, எள்ளோடு நின்றுகொண்டது. தாளிக்க உதவாத எண்ணெய் என்றால் டெல்லிக்கு அது எண்ணெயே இல்லை.

உலகச் சந்தைக்கு வரும் ஆமணக்கு எண்ணெயில், அதாவது விளக்கெண்ணெயில், ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இந்தியாவிலிருந்து போகிறது. தேயிலையிலோ மிளகிலோ பருத்தியிலோ நமக்கு இந்தப் பிடி கிடையாது. கச்சா எண்ணெய் ஏற்றுமதியில் சவூதியின் பங்கு ஐந்தில் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. அதை வைத்தே அவர்கள் உலகத்தை ஆட்டிவைக்கிறார்கள். பத்தில் ஒன்பதை வைத்திருக்கும் நாம், வாங்குபவன் சொல்லும் விலைக்குப் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேற்றுகிறோம்.

விளக்கெண்ணெயின் பெரும்பகுதி ரிசினோலிக் அமிலம். வணிக அளவில் அதற்கு வேறு வித்து இல்லை. ஹைட்ரஜன் ஏற்றினால் மெழுகாக இறுகி, சக்கர பேரிங்கில் அடைக்கும் லித்தியம் கிரீஸுக்கு உதவும். காஸ்டிக் சோடாவோடு கடுஞ்சூட்டில் உடைத்தால் செபாசிக் அமிலம். அதில் சீனாதான் முதலிடம். இன்னொரு வழியில் உடைத்தால் நைலான் 11. அதற்கான மூலப்பொருளை 1950-களிலிருந்தே பிரான்சின் மார்செய் நகரில் செய்கிறார்கள். லாரியின் ஏர் பிரேக் குழாய்க்கு உதவும் நைலான் அது. வித்து குஜராத்தின் மெஹ்சானாவில், ஆலை மார்செய்யில், லாரி நாமக்கல்லில்.

சந்தையே விலையைப் பார்த்துக்கொள்ளும் என்கிறவர்கள் 2016 ஜனவரியை மறந்துவிட்டார்கள். விலை சரிந்த வேகத்தில் ஆமணக்கு முன்பேர வர்த்தகத்தையே என்சிடிஇஎக்ஸ் என்ற வேளாண் பொருள் சந்தை நிறுத்திவைத்தது. அன்று நட்டப்பட்ட உழவனுக்குச் சந்தை என்ன செய்தது? ஆமணக்கு வித்தில் ரிசின் என்ற நஞ்சு இருக்கிறது என்று அச்சுறுத்துவோருக்குப் பதில் சொல்லக்கூட வேண்டியதில்லை. ஆமணக்குப் புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கக் கூடாது, வயலுக்குப் போட வேண்டும் என்பது நம் ஊரில் யாருக்குத் தெரியாது?

சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமென்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒய்ஆர்சிஎச் 1 என்ற வீரிய ஒட்டு ரகம் அங்கே பிறந்ததுதான். மானாவாரியில் தாக்குப்பிடிக்கும் பயிர். ஆனாலும் நம் விவசாயி அதைக் கடலைக் காட்டின் வரப்போரம் ஒரு வரிசை போடுவதோடு சரி. கடலையைத் தாக்கும் புழுவை அது இழுத்துக்கொள்ளட்டும் என்று. விலைக்கு உறுதி இல்லாதபோது வயல் முழுக்க எவன் போடுவான்?

இந்தோனேசியா 2011-லிருந்து கச்சா பாமாயில் ஏற்றுமதிக்கு அதிக வரியும், பக்குவப்படுத்திய சரக்குக்குக் குறைந்த வரியும் போட்டது. கொழுப்பு அமில ஆலைகள் அங்கே பெருகின. நாமும் ஆமணக்குக்கு ஆதரவு விலை தருவோம். பக்குவப்படுத்தாத விளக்கெண்ணெய் கப்பலேறினால் வரி போடுவோம். செபாசிக் அமில ஆலை ஒன்றைச் சேலத்தில் அமைப்போம். அடுத்த பட்ஜெட்டிலேயே இது நடந்தால், ஐந்தே ஆண்டுகளில் மார்செய்க்காரர்கள் ஏத்தாப்பூருக்கு வந்து விலை கேட்டு நிற்பார்கள்.