பென்சன்காரரின் மலாயா

பாடசாலை விடுமுறை நெருங்கினால் போதும், வார இதழ்களின் நடுப்பக்கம் வெளிநாட்டுச் சுற்றுலாவால் நிறைந்துவிடும். இந்த வாரம் வந்தது, குறைந்த செலவில் மலேசியாவில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல். இரட்டைக் கோபுரம், பத்துமலை, கெந்திங், லங்காவி, பினாங்கு, மலாக்கா, கமரன் மலை. எல்லாமே பார்க்கத் தகுந்த இடங்கள்தான். ஆனால் இதே பட்டியலை டில்லியில் அச்சிட்டாலும் டுபாயில் அச்சிட்டாலும் ஓர் எழுத்தும் மாறாது. யாழ்ப்பாணத்து வாசகருக்கென்று எழுதப்பட்ட ஒன்று அப்படி இருப்பதுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது. வியட்நாமையோ பாலித் தீவையோ பற்றி மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மலாயாவைப் பற்றி இரவல் வாங்க வேண்டிய நிலையில் இணுவிலும் உடுவிலும் மானிப்பாயும் இல்லை. ‘மலாயன் பென்சனியர்’ என்றால் யாரென்று இங்கே யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை, ஒரு தலைமுறைக்கு முன்புவரை: மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பியவர்.

அந்தப் பட்டியலுக்குள்ளேயே எங்கள் கதை ஒளிந்து கிடக்கிறது. இரட்டைக் கோபுரம் நிற்பது பழைய குதிரைப் பந்தயத் திடலில். அந்தத் திடலை நகரத்தின் புது மையமாக்கும் திட்டத்தில் முன்னின்றவர் ஆனந்த கிருஷ்ணன். 2024இல் காலமான அவர், 1938இல் பிரிக்பீல்ட்ஸில் ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வேறு பட்டியல்களில் ஈப்போ வந்தாலும் குகைக் கோயிலும் வெள்ளைக் கோப்பியும் என்றே எழுதுகிறார்கள். 1898இல் தந்தை செல்வா பிறந்த ஊர் அது என்பதை, அவருடைய தெல்லிப்பழைக்கு இத்தனை அருகில் இருந்துகொண்டு எப்படி விட்டுவிட முடிகிறது? சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் பிறந்தது வட்டுக்கோட்டையில், வளர்ந்தது சிரம்பானில். சிரம்பான் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு எஸ். துரைராஜசிங்கத்தின் பெயர் புதிதல்ல. ஆனந்த குமாரசுவாமியைப் பற்றி வாழ்நாள் முழுக்கத் தேடித் தேடித் தொகுத்தவர் என்று அவரை இங்கே பலமுறை சொல்லியிருக்கிறேன். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையர் வாழ்ந்த நூறு ஆண்டுகளைப் பற்றி 1960களின் பிற்பகுதியில் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட தொகுப்புத்தான், என் கணக்கில், யாழ்ப்பாணத்தார் மலேசியா போகுமுன் புரட்ட வேண்டிய முதல் புத்தகம். மலாயாவின் ஊர்ப்பெயர்கள் எப்படி வந்தன என்று ஆராய்ந்து தனி நூலும் எழுதியவர் அவர். ஒரு நாட்டில் சம்பளத்துக்கு இருந்தவர் அந்த நாட்டின் ஊர்ப்பெயர்களின் வேரைத் தேடி அலைவது சாதாரண அக்கறை இல்லை. பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்புவதொன்றே மலாயா போனவர்களின் நினைப்பு என்ற பொதுக் கருத்துக்கு இந்த மனிதர் ஒருவரே போதிய மறுப்பு. எங்கள் நூலகங்கள் இந்த நூல்களை மறுபடி தேடி எடுத்து, தமிழில் ஒரு சுருக்கமாவது போட வேண்டும்.

எங்கள் ஆட்கள் மலாயா போனது எப்படி? மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை திறக்கப்பட்டது. அதைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படை கொண்டுபோகப்பட்டது. பின்னாலேயே நில அளவைக்கும், திறைசேரிக்கும், தபாலுக்கும், ரயில் நிலையங்களுக்கும் யாழ்ப்பாணத்து இளைஞர் போனார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும் 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலையையும் தொடங்கிய அமெரிக்க மிஷனால் இங்கே ஆங்கிலம் படித்தவர்கள் பெருகியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் இங்கே உத்தியோகம் இல்லை. குடாநாட்டில் ரயில் ஓடத் தொடங்கியதோ 1902இல், காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில். கொழும்போடு பாதை இணைய 1905 ஆகிவிட்டது. ஆக, வீட்டு வேலிக்குப் பக்கத்தில் கோச்சியைக் காணுமுன்பே, அந்தக் கோச்சி கொடுத்த சம்பளம் மணியோடராக இந்த மண்ணுக்கு வந்துவிட்டது. புகையிலைத் தோட்டத்தை நம்பியிருந்த ஊர்களில் கல்வீடும், சீதனமும், கோயில் திருப்பணியும், பாடசாலைக் கட்டடமும் எழும்பியதில் அந்தக் காசுக்குப் பெரிய பங்குண்டு. இன்றைய வெளிநாட்டுக் காசின் பாட்டன் அது.

விடுமுறையில் போகிறவனுக்கு வரலாற்றுப் பாடம் எதற்கு, பிள்ளைகளோடு சந்தோசமாக இருந்துவிட்டு வரட்டுமே என்று சிலர் சொல்வார்கள். செலவைச் சுருக்கத்தானே அந்தப் பட்டியல்? அப்படியானால் எங்கள் இடங்கள் வழியிலேயே இருக்கின்றன. விமான நிலையத்து ரயில் வந்து நிற்கும் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையமே பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. இலங்கைத் தமிழர் 1904இல் நிறுவிய விவேகானந்த ஆச்சிரமமும், நல்லூரை மனத்தில் வைத்துக் கட்டிய ஸ்கொட் வீதிக் கந்தசுவாமி கோயிலும் அதே பகுதியில் இருக்கின்றன. இரட்டைக் கோபுரத்தில் ஏற ரிக்கெற் எடுக்க வேண்டும்; இவற்றுக்கு வேண்டாம். ஆச்சிரமக் காணியில் அடுக்குமாடி கட்டும் திட்டம் 2014இல் வெளிவந்தபோது அந்த நகரத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள். அந்த எதிர்ப்பைப் பற்றி யாழ்ப்பாணத்தில் பேசியவர்கள் மிகக் குறைவு.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கிளாக்கர்மாரின் பெருமை பேசுவதற்கா இந்தப் பயணம், காட்டை வெட்டி ரப்பர் வைத்தவர்களும் தண்டவாளம் சுமந்தவர்களும் தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தமிழர் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் ஆட்கள் அவர்களிடமிருந்து விலகியே நின்றார்கள். தனிச் சங்கம், தனிக் கோயில், தனிக் கலியாணச் சந்தை. தம்புசாமிப் பிள்ளை 1873இல் நிறுவிய மகாமாரியம்மன் கோயிலையும் ஸ்கொட் வீதிக் கோயிலையும் ஒரே நாளில் பார்க்கிறவருக்கு, ஒரு நகரத்துக்குள் தமிழர் இரண்டாக வாழ்ந்தது விளங்கும். அந்தப் பிரிவு மலாயாவுக்கு வெளியிலும் தெரியும். தாய்லாந்துக்குப் போகிறவர்கள் காஞ்சனபுரியில் குவாய் ஆற்றுப் பாலத்தில் படம் எடுக்கிறார்கள். 1942–43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீற்றர் மரண ரயில் பாதையில் உள்ள பாலம் அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரம் பேர் அந்தப் பாதை வேலையில் மாண்டார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு அங்கே ஏறத்தாழ 7,000 கல்லறைகள் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படிப் பெயர் வெட்டிய கல் இல்லை. கிளாக்கரின் பெயர் சேவைப் பதிவிலும் பென்சன் கடதாசியிலும் நிலைத்தது. கூலியின் பெயர் தோட்டத்துச் செக்றோலோடு போய்விட்டது. இந்த வேறுபாட்டை எங்கள் பிள்ளைகள் அந்த மண்ணில் நின்று அறிய வேண்டும் என்பதற்காகவும்தான் வேறு பட்டியல் கேட்கிறேன். பெருமைக்குரிய இடங்களை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் அதுவும் இரவல் பட்டியலைப் போலவே குறைபட்டது.

அப்படியொரு பட்டியல் போடுவது கடினமல்ல. பிரிக்பீல்ட்ஸ், 1910இல் எழுந்த கோலாலம்பூர் பழைய ரயில் நிலையம், ரயில் பட்டறை இருந்த செந்தூல், சிரம்பான், ஈப்போ, தைப்பிங். தைப்பிங்கிலிருந்து வண்டி பிடித்தால் இன்று கோலா செபெத்தாங் எனப்படும் போர்ட் வெல்ட். ரயில் போய்விட்டது, நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நான்கு வகை எழுத்துகளில் நிற்கிறது. அவற்றில் ஒன்று தமிழ்.

பழைய நாற்சார் வீடுகளை இடிக்கும்போது கடிதங்களையும் மணியோடர்த் துண்டுகளையும் குப்பையோடு கொளுத்துவதைப் பற்றி இங்கே முன்னரும் எழுதினேன், இனியும் எழுதுவேன். வீட்டு அலுமாரியில் அப்படியொரு கட்டு இருந்தால், ரிக்கெற் போடுமுன் அதைப் பிரித்துப் பாருங்கள். அப்புவோ பூட்டனோ வேலை பார்த்த நிலையத்தின் பெயர் எங்காவது ஒரு முத்திரையில் இருக்கும். பயணத்தின் முதல் ஊர் அதுவாக இருக்கட்டும். பத்துமலைக்கு மறுநாள் போகலாம்.