கைமாறும் நோட்டு

நேற்று பள்ளிக்கூடத்துச் சாவியை வாங்கிக்கொண்டு போய் வகுப்பறையைத் திறந்தேன். ஜன்னல் மூலையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. எலி கடித்த தாளெல்லாம் அலமாரிக்கு அடியில் குவிந்து கிடந்தது. கூட்டிப் பெருக்கி முடித்துவிட்டுக் கழிப்பறையைப் பார்த்தால், பிப்ரவரியிலேயே ஆடிக்கொண்டிருந்த தாழ்ப்பாள் கழன்று விழுந்திருக்கிறது. தச்சருக்கு ஆள் அனுப்பியாயிற்று. தாழ்ப்பாள் இல்லையென்றால் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார்கள். ஜூன் மாத வெயிலில் அந்தப் பிள்ளைகள் மதியத்துக்குள் சுருண்டுவிடுவார்கள். அதனால் எனக்குக் கரும்பலகைக்கு முன்னால் தாழ்ப்பாள்.

மே கடைசி வாரம் வந்தால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் போனில் கேட்பார்கள்: “அக்கா, புது வருஷத்துக்கு என்ன தயார் பண்ணணும்?” சார்ட் எழுதுகிறார்கள், தோரணம் கட்டுகிறார்கள், முதல் மாதத்துப் பாடக்குறிப்பை முன்கூட்டியே முடித்து வைக்கிறார்கள். எல்லாம் வேண்டியதுதான். நானும் அப்படித்தான் தயாராவேன், 2011 வரைக்கும்.

அந்த ஆண்டு மாறுதல் கிடைத்து ஒரு புதுப் பள்ளிக்குப் போனேன். மூன்றாம் வகுப்பு கொடுத்தார்கள். கடைசி வரிசையில், ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். கேள்வி கேட்டால் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள், பதில் வராது. பிடிவாதம் என்று நினைத்தேன். பல நாள் நிற்க வைத்திருக்கிறேன். அரையாண்டுத் தேர்வெல்லாம் முடிந்து, பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் அவள் அம்மா வந்தார். “டீச்சர், அவளுக்கு ஒரு காது சுத்தமா கேக்காது. போன வருஷ டீச்சர் மொத வரிசையில, தன் பக்கத்துலயே உக்கார வெச்சிருந்தாங்க. உங்ககிட்ட சொல்லலியா?”

யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர் அதே கலந்தாய்வில் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். மறுநாள் அவளை என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பிப்ரவரிக்குள் பத்தி பத்தியாக வாசித்தாள். முன்னால் போன ஏழு மாதத்தை மட்டும் அவளுக்கு என்னால் திருப்பித் தர முடியவில்லை.

ஒரு பிள்ளையைப் பற்றி இன்று எவ்வளவோ பதிந்து வைக்கிறோம். பிறந்த தேதி, ரத்த வகை, உயரம், எடை, வங்கிக் கணக்கு எல்லாம் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் இருக்கிறது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் எழுதப் படிக்கக் கற்றுவிட வேண்டும் என்று 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையும் தெரிகிறது. அந்தப் பிரிப்பை நான் மனதார ஆதரிக்கிறேன். மூன்றாம் வகுப்பில் இன்னும் எழுத்துக்கூட்டும் பிள்ளையை அவமானப்படுத்தாமல் அவன் நிற்கும் இடத்திலிருந்தே கூட்டிப்போக அது வழிவிட்டது. ஆனால் அவன் ஏன் அரும்பிலேயே நிற்கிறான் என்பது போன வருஷத்து ஆசிரியரின் மனசுக்குள்தான் இருக்கிறது. அவருக்கு மாறுதல் வந்தால் அதுவும் கூடவே பேருந்து ஏறிவிடுகிறது.

பழைய வருகைப் பதிவேடு பாதி சொல்லும், படிக்கத் தெரிந்தால். எங்கள் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்தில் பொங்கல் முடிந்ததும் பல குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடும், மழை தொடங்கும்போதுதான் திரும்பும். அந்த வீட்டுப் பிள்ளையின் பெயருக்கு நேரே தை மாதத்திலிருந்து சிவப்பு மைதான். ஜூனில் அவன் வாய்ப்பாடு தெரியாமல் விழித்தால் மந்தம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த வாய்ப்பாடு நடந்தபோது அவன் மண் குழைத்துக்கொண்டிருந்தான். இன்னொருவனுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் சிவப்பு. விசாரித்தால், அன்றைக்குச் சந்தை. அம்மா கீரை விற்கப் போக, இவன் தங்கச்சியைப் பார்த்துக்கொள்கிறான். தங்கச்சியை அங்கன்வாடியில் சேர்த்தோம். செவ்வாய்ச் சிவப்பு நின்றது.

இப்போது வருகைப் பதிவு கைப்பேசிச் செயலிக்குப் போய்விட்டது. வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் ஒரு பிள்ளையின் முழு மாதத்தையும் ஒரே பார்வையில் பார்க்கும் பழக்கம் நமக்கு விட்டுப்போகிறது. அதனால் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நான் தனியாகவும் குறித்து வருகிறேன். பிள்ளைக்கு ஒரு பக்கம். வீட்டில் கூப்பிடும் பெயர், காலையில் கிளப்பி அனுப்புவது யார், எதைச் சொன்னால் முகம் மலரும், எதைக் கேட்கக் கூடாது. முன்பெல்லாம் நாலைந்து பக்கத்தில் ‘வெறும் வயிற்றோடு வருகிறாள்’ என்று இருக்கும். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்தபிறகு அந்த வரியை எழுத வேண்டிய தேவை வரவில்லை.

எதைக் கேட்கக் கூடாது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்வேன். முதல் நாள் நாம் எல்லோரும் செய்வது, ஒவ்வொருவரையும் எழுப்பி நிறுத்தி, “உன் பேரு என்ன? அப்பா என்ன வேலை செய்றாரு?” போன வெள்ளிக்கிழமை ஒரு ஆயா வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி திண்ணையில் புளி குத்திக்கொண்டிருந்தாள்.

“வா டீச்சரு, உள்ள வா. பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்களா?”

“இன்னும் ஒரு வாரம் இருக்கு ஆயா. சும்மாதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

ஆயா என்னை அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சித்திரையில அவ அப்பன் போய்ட்டான் டீச்சரு. அவகிட்ட யாரும் எதுவும் கேக்காம பாத்துக்க.”

பேத்தி தலை நிமிராமல் புளியைக் குத்திக்கொண்டிருந்தாள். இதை அறியாத ஒருவர் ஜூன் முதல் நாள் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால்?

நான் கேட்பது பெரிய திட்டமெல்லாம் இல்லை. ஒவ்வொரு மே மாதமும், வகுப்பை விடுகிற ஆசிரியரும் வாங்குகிற ஆசிரியரும் பதிவேட்டை நடுவில் வைத்து ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். ஒவ்வொரு பெயராக எடுத்துப் பேச வேண்டும். மாறுதலில் போகிறவர் எழுதியாவது வைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஒரு ஆசிரியத் தோழி இதற்கு மறுப்புச் சொன்னார். பிள்ளையின் கெட்ட பெயரும் அதே நோட்டில் அடுத்த வகுப்புக்குப் போய்விடாதா என்று. நியாயமான பயம். ‘வாலு’, ‘பொய் சொல்வான்’ என்று நம்மில் ஒருவர் சொன்ன சொல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பையனைத் துரத்தியதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் அப்படிப்பட்ட சொற்களை என் நோட்டில் எழுதுவதில்லை. நடந்ததை எழுதுவேன், எது செய்தபோது சரியானது என்று எழுதுவேன். ‘கணக்கு நேரத்தில் எழுந்து ஓடுவான். கரும்பலகை துடைக்கும் வேலையைக் கொடுத்தேன், உட்கார்ந்தான்.’ அடுத்தவருக்கு இவ்வளவு போதும்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நாலாம் வகுப்பு டீச்சர் வருகிறார். மொத்தம் 27 பேர். 26 பக்கம் எழுதி முடித்துவிட்டேன். ஒரு பக்கத்தில் பெயர் மட்டும் இருக்கிறது. மூன்றாவது வரிசைப் பையன். ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை, சண்டை போட்டதில்லை, மதிப்பெண்ணும் நடுவாந்தரம். அவன் வீட்டுக்குப் போக எனக்கு ஒரு காரணமே வாய்க்கவில்லை. வருஷம் முழுக்க என் எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளை, அவனைப் பற்றி எழுத ஒரு வரி என்னிடம் இல்லை. நாளை வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரைத் தெருவுக்குப் போகிறேன்.