முதலில் எந்தக் கூரை?



நாங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு பழைய கட்டடத்தின் கடைசி மாடியில் இருக்கிறம். தட்டைக் கூரை, மேலே கறுப்புத் தார். யூலையில் இரவு பதினொரு மணிக்கும் அம்மம்மா சுவரைத் தொட்டுப் பார்த்து "இன்னும் கொதிக்குது பிள்ளை" என்பா. அவவை அந்த வெக்கைக்குள் விட்டிட்டு ஆய்வுகூடத்துக்குப் போய், சூரியக் கலங்களைக் குளிரவைக்கும் பூச்சுகள் பற்றி வாசிக்கிறன். இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தில் எழுதினது.

விசயம் என்னவோ அழகானதுதான். தை மாதம் ஊரில் விடிய எழும்பினால் தகரக் கூரை பனியில் நனைஞ்சிருக்கும். கூரை தன் வெப்பத்தை வானத்துக்கு அனுப்பி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையான அகச்சிவப்புக் கதிர்களை வளிமண்டலம் பெரும்பாலும் மறிக்காது. அவை நேரே விண்வெளிக்குப் போய்விடும். இரவில் நடக்கும் இதைப் பட்டப்பகல் வெயிலிலும் செய்யலாம் என்று 2014 இல் ஸ்டான்ஃபோர்ட்டில் அஸ்வத் ராமன், ஷான்ஹுய் ஃபான் குழுவினர் காட்டினார்கள். மின்சாரமே இல்லாமல் காற்றைவிட ஏறத்தாழ 5 பாகை குளிர்ச்சி. கனடாவில் வளர்ந்த ராமன், சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு மும்பையில் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போய்வந்தவர். எங்களைப் போல ஒருத்தர் என்று பெருமைப்பட ஆசைதான், அதை விடுவம்.

அடுத்த வருடமே அதே குழு சூரியக் கலத்துக்கு வந்தது. பனலில் விழும் வெயிலில் ஐந்திலொரு பங்குதான் மின்சாரமாகும், மிச்சத்தில் பெரும்பங்கு சூடு. ஒரு பாகை கூடினால் சிலிக்கனின் மின்திறன் 0.4 வீதமளவு குறையும். ஒளி புகும் சிலிக்கா அடுக்கு ஒன்று சிலிக்கனை 13 பாகை வரை குளிரவைத்தது. எல்லாரும் மேற்கோள் காட்டுவது இந்த 13 ஐத்தான். ஆனால் அது வெறும் சிலிக்கன். நாங்கள் வாங்கும் பனலின் மேல் ஏற்கனவே கண்ணாடி இருக்கு, கண்ணாடியே அந்தக் கதிர்களை நன்றாக வெளிவிடும். அதனால் மிஞ்சும் லாபம் சின்னன். போதாக்குறைக்கு, ஈரக்காற்று அந்த வான யன்னலையே ஒடுக்கிவிடும். கலிபோர்னியாவின் காய்ந்த வானத்தில் கிடைப்பது யாழ்ப்பாணக் கரையில் அப்படியே கிடைக்காது.

அங்கே பிரச்சினை பனலின் சூடும் இல்லை. 2025 சித்திரைப் புத்தாண்டு நாட்களில், மின்தேவை குறைஞ்சதால், கூரைச் சூரிய மின்சாரத்தைப் பின்னேரம் மூண்டு மணி வரை நிறுத்தச் சொல்லி இலங்கை மின்சார சபையே கேட்டது. தேக்கிவைக்க வழியில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான காற்று, சூரிய மின்திட்டம் 2021 இல் சீனக் கம்பனிக்குப் போய், இந்தியா எதிர்த்து, 2024 இல் இந்திய நன்கொடையில் இந்தியக் கம்பனிக்குப் போனது. அந்தச் சனம் டீசலோடு காத்திருந்ததை எந்தப் பூச்சும் மாற்றியிராது.

அதே இயற்பியலை வீட்டுக் கூரையில் வைத்துப் பாருங்கோ. வெள்ளைப் பூச்சு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும், சூட்டையும் வானத்துக்கு விடும். காப்புரிமை தேவையில்லை, சுண்ணாம்பே போதும். 2010 மே மாதத்து வெக்கையில் வழமையைவிட 1,300க்கு மேற்பட்டோர் கூடுதலாக இறந்த அகமதாபாத்தில், ஏழைகளின் கூரைகளுக்குப் பிறகு அதைத்தான் பூசினார்கள். எங்கட மொன்றியலிலும் 2018 வெக்கையில் 66 பேர் செத்தவை, கூடுதலானோர் ஏசி இல்லாத சொந்த வீட்டுக்குள்ளேயே. ரோஸ்மோன் பகுதி 2011 இலேயே தட்டைக் கூரைகளை வெள்ளையாக்கச் சட்டம் போட்டது. குளிர்காலத்தில் நட்டம் வராதா என்று கேட்பீங்கள். கொஞ்சம் வரும், ஆனால் அப்ப வெயிலும் குறைவு, கூரையில் பாதி நாள் பனிதானே.

பனல் ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லேல்லை, நானும் அதில்தான் சோறு தின்னுறன். ஆனால் பனலின் ஒரு வீத லாபம் யாரோ ஒருவரின் கணக்கில் காசாக விழும், அம்மம்மாவின் நித்திரை எந்தப் பில்லிலும் வராது. நிதி எந்தக் கூரையைத் தேடிப் போகுது என்பதை அதுதான் தீர்மானிக்குது.

இந்த இலையுதிர்காலம் எங்கட கூரைக்குத் திரும்பவும் கறுப்புத் தார்தானாம். வெள்ளை கேட்டு வீட்டுக்காரருக்கு மூண்டு கடிதம் போட்டாச்சு, பதில் இல்லை. உங்கட கட்டடத்திலும் கூரை வேலை வருதெண்டால் எனக்கு எழுதுங்கோ, கடிதத்தின் பிரெஞ்சுப் பிரதியை அனுப்பிவிடுறன்.