கோடு வளையுமா, மரம் சாயுமா?

மழை அருமையான பூமியில் பிறந்தவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. வறட்சியையே முதலாக வைத்துப் பிழைப்பது ஒன்று. வறட்சியோடு போராடி நிலத்தை மாற்றுவது மற்றொன்று. சிவகாசி முதல் வழியில் சென்றது. 1922-ம் வருஷம் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். ஈரமற்ற காற்று அத்தொழிலுக்கும் பின்னால் வந்த பட்டாசுக்கும் துணை நின்றது. 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு சிவகாசி மாநகராட்சியாகவும் உயர்ந்துவிட்டது. ஊர் பெரிதானால் திட்டமும் வேண்டும். திட்டமென்றால் காகிதத்தில் கோடுகள் விழும். அதற்கு முன்னால், இரண்டாவது வழியில் சென்ற ஓர் ஊரின் கதையை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

புதுச்சேரிக்கு வடக்கே உள்ள ஆரோவில்தான் அவ்வூர். 1968-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி, 124 தேசங்களின் மண்ணை ஒரு தாழியில் இட்டு அதற்குத் தொடக்க விழா நடத்தினார்கள். ஐம்பதினாயிரம் பேர் வாழ்வதற்கு, நட்சத்திர மண்டலம் போல் சுழலும் நகரம் ஒன்றை ரோஜர் ஆன்ழே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்தார். படம் அழகாயிருந்தது, பூமியோ பொட்டலாயிருந்தது. மழை பெய்தால் செம்மண் கரைந்து கடலுக்கு ஓடிற்று. ஆகவே முதலில் குடியேறியவர்கள் மாளிகை எழுப்பவில்லை. வரப்புக் கட்டி நீரைத் தேக்கி, லட்சக் கணக்கில் மரம் நட்டார்கள். ஜனத்தொகை சில ஆயிரத்தைத் தாண்டவில்லை. ஆனால் காடு வளர்ந்துவிட்டது.

வந்தது வழக்கு. பழைய படத்திலிருந்த வட்டச் சாலைக்காக 2021 டிசம்பரில் இயந்திரங்கள் மரங்களைச் சாய்த்தன. சுற்றுச்சூழல் அனுமதி பெறவேண்டும் என்று 2022-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கூறிற்று. 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்துச் செய்தது.

"காடு வளர்க்கவா வந்தோம்? நகரம் அமைக்கவல்லவா வந்தோம்!" என்பது ஒரு கட்சி. அதில் நியாயமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். மனிதருக்கு வீடும் வேண்டும், பாதையும் வேண்டும். சட்டமும் தன் வார்த்தையைச் சொல்லிவிட்டது. ஆயினும் சட்டத்துக்கு அப்பால் ஒரு சாதாரணக் கணக்கு இருக்கிறது. கோட்டை அழித்துப் போட ஒரு நாள் போதும். மரத்தை மறுபடி வளர்க்க ஐம்பது வருஷம் வேண்டும். எதை எளிதில் திரும்பச் செய்யலாமோ அதுவே வளைந்து கொடுப்பதுதான் விவேகம்.

சிவகாசிக்கு இன்னும் சௌகரியம் இருக்கிறது. நகரப் படத்தில் முதலில் கண்மாய்களையும் அவற்றுக்கு நீர் கொண்டுவரும் ஓடைகளையும் நிழல் தரும் வேம்புகளையும் குறித்துக்கொள்ளட்டும். சாலைக் கோடு அதற்குப் பிறகு விழட்டும். நெருப்போடு நூறு வருஷம் குடித்தனம் செய்த ஊருக்கு, நீரின் அருமையை நாம் சொல்லித்தரவும் வேண்டுமா?