கிலோவைக் கேட்கும்போது வாட்டையும் கேளுங்கள்

5ஜி மாசிவ் மைமோ ஆன்டெனா யூனிட் வாங்குகிறவர்கள் ஸ்பெசிஃபிகேஷன் தாளில் முதலில் தேடுவது எடையை. அதற்குக் காரணம் உண்டு. டவர் வாடகை எடையையும் காற்று மோதும் பரப்பையும் பார்த்துத்தான் பேசப்படுகிறது. மொட்டை மாடிக் கம்பத்தில் ஏற்ற வேண்டுமென்றால், இருவர் தூக்கும் பெட்டிக்கும் நால்வரும் கப்பியும் கேட்கும் பெட்டிக்கும் ஒரு நாள் வேலை வித்தியாசம். முதல் தலைமுறை 64 டி 64 ஆர் யூனிட்கள் 40 கிலோவைத் தொட்டன. பின்னர் எரிக்சன் அறிவித்த ஏர் 3268, 32 டிரான்சீவர்களோடும் 200 வாட் வெளியீட்டோடும் 12 கிலோவில், 23 லிட்டர் கனஅளவில், மின்விசிறி இல்லாமல் வந்தது. டிரான்சீவர் எண்ணிக்கை பாதிதான் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது. ஆனாலும் தொழில் எந்தத் திசையில் போகிறது என்பது தெரிகிறது.

அந்தக் கிலோக்கள் எங்கிருந்து குறைந்தன என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. ஆன்டெனா யூனிட்டின் எடையில் பெரும்பங்கு ஹீட் சிங்க். அதைச் சீவினாலும் எடை குறையும். அது சுமக்க வேண்டிய வெப்பத்தைக் குறைத்தாலும் எடை குறையும். தாளில் இரண்டும் ஒரே எண்ணாகத் தெரியும். மே மாதத்தில் இரண்டும் ஒன்றாக இருக்காது.

வெப்பம் வெளியேற இந்தப் பெட்டிக்கு ஒரே வாசல்தான். முன்பக்கம் ரேடோம். அலை ஊடுருவ வேண்டும் என்பதால் அங்கே உலோகம் வைக்க முடியாது; பிளாஸ்டிக்கோ கண்ணாடியிழையோதான். இரண்டும் வெப்பத்தை எளிதில் விடாதவை. ஆகவே எல்லாச் சுமையும் முதுகில். 40 செ.மீ. அகலம், 70 செ.மீ. உயரம் உள்ள முதுகை எடுத்துக்கொள்வோம். அது வெறும் தட்டையாக இருந்தால், சுற்றுக்காற்றைவிட 30 டிகிரி கூடுதல் வெப்பத்தில், வெப்பச்சலனமும் கதிர்வீச்சும் சேர்ந்தே 100 வாட்டைச் சுற்றித்தான் வெளியேறும். 60 மி.மீ. உயரத்தில் முப்பது ஃபின்கள் வைத்தால் பரப்பு இரண்டரை சதுர மீட்டராகிவிடும். ஆனால் வெளியேறும் வெப்பம் 300 வாட் அளவுக்குத்தான் உயரும். பரப்பு ஒன்பது மடங்கு, பலன் மூன்று மடங்கு. ஃபின்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பதால் கதிர்வீச்சு வெளி உறையிலிருந்து மட்டுமே நடக்கிறது. இடுக்கில் ஏறும் காற்றும் மேலே போகப் போகச் சூடாகிவிடுகிறது.

இன்னும் நெருக்கி அடுக்கினால் என்ன என்று புதிதாக வரும் வடிவமைப்பாளர் எல்லோரும் கேட்பார்கள். பார்-கோஹனும் ரோசனோவும் 1984இல் தந்த சமன்பாடு இன்றும் அதற்குப் பதில் சொல்கிறது: 70 செ.மீ. உயரச் செங்குத்து ஃபின்களுக்கு உகந்த இடைவெளி சுமார் 12 மி.மீ. அதற்குக் கீழே போனால் இரு பக்கத்து எல்லைப் படலங்களும் ஒட்டிக்கொண்டு காற்றே நகராது. அலுமினியம் மட்டும் கூடும். உகந்த இடைவெளி காற்றின் பாதை நீளத்தின் நான்காம் மூலத்தோடு மாறுகிறது. ஃபின்களை 'வி' வடிவில் சாய்த்து வைக்கும் உத்தி இதைத்தான் பயன்படுத்துகிறது. சூடான காற்று உச்சி வரை ஏறாமல் பக்கவாட்டில் வெளியேறுகிறது. பாதை மூன்றில் ஒன்றாகும்போது வெப்பமாற்றக் கெழு காகிதக் கணக்கில் 30 சதவீதம் வரை கூடும். செய்முறையில் அவ்வளவு கிடைக்காது, கிடைப்பதே பெரிது. கீழ்ப்பகுதி சில்லுகளின் வெப்பம் மேல்பகுதி சில்லுகளின் தலையில் ஏறாமல் போவது கூடுதல் லாபம்.

பொருள்கள் பற்றிச் சுருக்கமாக. சாதாரண டை-காஸ்டிங் அலோயின் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 100 வாட்டை ஒட்டியது. எக்ஸ்ட்ரூஷன் அலுமினியம் அதைப் போல இரு மடங்கு. ஃபின்னுக்குள்ளேயே குளிரூட்டித் திரவம் ஓடும் ரோல்-பாண்ட் தகடுகள் குளிர்சாதனப் பெட்டியின் ஃப்ரீஸரிலிருந்து இங்கே வந்தவை. மெல்லிய ஃபின்னின் நுனிவரை வெப்பத்தைக் கொண்டுசேர்ப்பதில் அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் அடைப்பு ஒன்று கசிந்தால் அந்தத் தகடு வெறும் அலங்காரம். மக்னீசியம் இன்னும் இலேசானது. கடலோர சைட்டில் வைக்க எனக்கு மனம் வராது.

உண்மையான எடைக்குறைப்பு பவர் ஆம்ப்ளிஃபையரில் இருக்கிறது. டோஹர்ட்டி 1936இல் பெல் ஆய்வகத்தில் வகுத்த சுற்றுதான் இன்றும் அடிப்படை. அதில் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரும் டிஜிட்டல் முன்-திருத்தமும் சேர்ந்திருக்கின்றன. 200 வாட் யூனிட் ஒன்று காலத்தில் முக்கால்பங்கு டவுன்லிங்க் அனுப்பினால் சராசரி 150 வாட். ஆம்ப்ளிஃபையரின் திறன் 45 சதவீதமானால் அங்கே வீணாகும் வெப்பம் 183 வாட்; 55 சதவீதமானால் 123. இந்த 60 வாட்டைச் சுமக்க, மேலே சொன்ன ஹீட் சிங்க் கணக்கின்படி ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ அலுமினியம் வேண்டும். பவர் சப்ளை சிறுத்துப்போவதும், ஆண்டு முழுக்க மின்கட்டணம் குறைவதும் தனி. இந்த வழியில் குறைந்த கிலோவுக்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் தகும்.

இடையில் ஒளிந்திருக்கும் டிகிரிகளையும் கவனிக்க வேண்டும். 25 மி.மீ. சதுரச் சில்லு ஒன்று 60 வாட் விடுகிறது. அதற்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே கடத்துத்திறன் 5 உள்ள தெர்மல் பேட். பேட் 1 மி.மீ. தடிமனில் நின்றால் அங்கே மட்டும் 19 டிகிரி இறக்கம், அரை மி.மீ.க்கு அழுந்தினால் ஒன்பதரை. அந்தப் பத்து டிகிரியை ஃபின்களில் மீட்க வேண்டுமென்றால் ஹீட் சிங்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டும். பழுதுபார்க்கும் கூடத்தில் மூடியைத் திறந்துவிட்டுப் பழைய பேட்டையே மறுபடி ஒட்டி, திருகுகளை டார்க் பார்க்காமல் முடுக்கும் பழக்கத்தின் விலை இது. முதலில் வலிக்கப்போவது ஆம்ப்ளிஃபையருக்கு அல்ல. காலியம் நைட்ரைடு 200 டிகிரியை ஒட்டிய ஜங்ஷன் வெப்பத்தையும் தாங்கும். 85 டிகிரி உறை வெப்பத்தில் எல்லை கட்டிய ஆப்டிகல் மாட்யூலும், பத்து டிகிரிக்கு ஒருமுறை ஆயுள் பாதியாகும் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரும்தான் முதலில் முனகும்.

தாளில் '55 டிகிரி வரை இயங்கும்' என்று எழுதியிருப்பார்கள். எந்த 55? வெயிலிலா நிழலிலா, காற்று வீசும்போதா அசையாமல் நிற்கும்போதா, முழு வெளியீட்டிலா பாதியிலா? 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி, நிழலில் வைத்த வெப்பமானியின் கணக்கு. சுட்ட ஓடு பதித்த மாடிக்கு மேல் நிற்கும் காற்று அதைவிடச் சூடு. சூரியச் சோதனைகளில் வழக்கமாக எடுக்கப்படும் அளவு சதுர மீட்டருக்கு 1120 வாட். மேற்கு நோக்கிய செக்டார் அவ்வளவு வாங்காது. ஆனாலும் மாலை நான்கு மணிக்கு, தூசி படிந்து கறுத்த ரேடோமும் உறையும் சேர்ந்து 100 வாட்டை ஒட்டி உறிஞ்சுவது சாதாரணம். காற்றின் வெப்பம் உச்சத்தை விட்டு இன்னும் இறங்காத நேரமும் அதுதான்.

2021 ஜூனில் அரிசோனாவில் நடந்தது நினைவிருக்கும். ஸ்டார்லிங்க் வீட்டு டிஷ், சில கிலோ எடையுள்ள ஃபேஸ்டு அர்ரே, வெயிலில் சூடேறித் தானாக நின்றுவிட்டது. தண்ணீர் தெளித்து ஆற வைத்தபின் இணைப்பு திரும்பியது. அப்போது அதன் அறிவிக்கப்பட்ட உச்சம் 40 டிகிரி. 50இல் அது தன்னை அணைத்துக்கொண்டது. சாதனம் தவறு செய்யவில்லை. எழுதியபடியே நடந்தது. 26 கிகாஹெர்ட்ஸ் வீட்டு இணைப்புக் கருவிகளைச் சுவரில் மாட்டப்போகிற நமக்கு இது நேரடிப் பாடம். அந்த அலைவரிசையில் ஆன்டெனா உறுப்புகளுக்கு இடையே 6 மி.மீ. கூட இல்லை, சில்லுகள் அனைத்தும் உள்ளங்கை அகலத்தில் நெருங்கி உட்கார்ந்திருக்கும்.

டவர் யூனிட்கள் இப்படி ஒரேயடியாக அணைவதில்லை. முதலில் உயர்வெப்ப அலாரம். பிறகு வெளியீட்டைப் படிப்படியாகக் குறைக்கும். 3 டெசிபெல் குறைந்தால் பாதித் திறன் போய்விட்டது. அலாரம் எல்லையைச் சற்று உயர்த்தி வைத்திருந்தால் அதுவும் கண்ணில் படாது. பிற்பகலில் வேகம் குறைகிறது என்று புகார் வரும். ஆப்டிமைசேஷன் குழு டிரைவ் டெஸ்ட் போகும், டில்ட் மாற்றும், பக்கத்து செல்லின் குறுக்கீட்டைத் தேடும். யூனிட்டின் உள்வெப்பப் பதிவை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை மட்டும் வரும் குறை எதுவானாலும் முதலில் அந்தப் பதிவைத்தான் எடுக்க வேண்டும்.

மாட்டுகிற விதமும் பாதி வடிவமைப்புதான். கைப்பிடிச் சுவரோடு முதுகை ஒட்டி மாட்டினால் ஒரே வாசலும் அடைபட்டது. ஒரே கம்பத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு யூனிட் ஏற்றினால் கீழது விடும் சுடுகாற்றில் மேலது நிற்கும். கட்டட உரிமையாளர் மனம் கோணக்கூடாதென்று தண்ணீர்த் தொட்டி மாதிரி உறை போட்டு மறைக்கும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. காற்றும் போகாது, அடர்நிறம் என்றால் வெயிலும் உள்ளே வரும். ஃபின்களில் காக்கை கூடு கட்டியிருந்தால் பருவப் பராமரிப்புப் பட்டியலில் அதற்கொரு வரி வேண்டும். இதற்கெல்லாம் தயாரிப்பாளர் பொறுப்பாக முடியாது.

அவர்கள் பொறுப்பேற்க வேண்டியது வேறு. வாங்குவோர் டெண்டரில் எடை உச்சவரம்புக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதட்டும்: காற்று அசையாத நிலையில், 1120 வாட் வெயிலில், முழு வெளியீட்டைக் குறைக்காமல் யூனிட் தாங்கும் சுற்று வெப்பம் எத்தனை டிகிரி? அதற்கு மேல் ஒவ்வொரு ஐந்து டிகிரிக்கும் எத்தனை டெசிபெல் போகும்? அந்த வளைகோடு தயாரிப்பாளரிடம் கட்டாயம் இருக்கும். அது இல்லாமல் கட்டுப்பாட்டு மென்பொருளே எழுத முடியாது. சென்னையை அடுத்த நோக்கியா ஆலையில் 2020 இறுதியிலிருந்தே மாசிவ் மைமோ யூனிட்கள் தயாராகின்றன. சோதனைக் கூடத்தின் முடிவை உண்மையான மொட்டை மாடியில் சரிபார்க்க வெளிநாட்டுப் பயணம் தேவையில்லை. ஏற்புச் சோதனையையும் டிசம்பரில் நடத்தி முடித்துவிடாமல், ஏப்ரல்-மே பிற்பகலில் முழுச் சுமையில் மூன்று மணி நேரம் ஓடவிட்டு, வெளியீடு குறைந்த நிமிடங்களைப் பதிவிலிருந்து எடுத்துப் பில்லோடு இணைக்கச் சொல்லலாம்.